பாலம் யாருக்கு? பாக்கி யாருக்கு?

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் வெளுப்பதில்லை; மூன்று லீ சேர்ந்தாற்போல் தரை சமமாய்க் கிடப்பதில்லை; மூன்று காசு சேர்ந்தாற்போல் எவன் மடியிலும் இருப்பதில்லை!

சீனத்தின் தென்மேற்கிலே உள்ள குய்சோ மாகாணத்தைப் பற்றி வழங்கிவரும் பழமொழி இது. லீ என்பது அந்நாட்டு நீட்டல் அளவை. அரைக் கிலோமீட்டர் தூரம். சமவெளியிலே வாழ்ந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். மலைச் சரிவிலே மக்காச்சோளம் விதைத்து, அது விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் பட்டினி என்று கிடந்தவர்கள் அந்தச் சிரிப்பைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

இன்று அப்படிச் சிரிக்க முடியாது. உலகத்தில் மிக உயரமான பாலங்கள் நூறு என்று கணக்கெடுத்தால், ஏறத்தாழச் சரிபாதி அந்த ஒரு மாகாணத்திலே நிற்கின்றன. 2025 செப்டம்பர் 28 அன்று திறக்கப்பட்ட ஹுவாசியாங் பள்ளத்தாக்குப் பாலம், கீழே ஓடும் ஆற்றுக்கு 625 மீட்டர் மேலே தொங்குகிறது. இரண்டு கோபுரங்களுக்கும் இடையே மட்டும் 1,420 மீட்டர். மலையைச் சுற்றிச் சுற்றி இரண்டு மணி நேரம் ஏறி இறங்கிய வண்டி, இன்று இரண்டே நிமிடத்தில் அக்கரை சேருகிறது. கண்கொள்ளாக் காட்சிதான், மறுப்பாரில்லை.

அந்தப் பாலத்தின் படத்தைக் காட்டித்தான் குய்சோவிலே அழைப்பு விடுக்கிறார்கள். "முதலீட்டாளர்களே, வருக! குளிர்ந்த காற்று இருக்கிறது, மலிந்த மின்சாரம் இருக்கிறது, நிலக்கரியும் பாஸ்பேட்டும் பாக்சைட்டும் மண்ணுக்குள்ளே இருக்கின்றன, சாலையும் ரயிலும் வாசலுக்கே வந்துவிட்டன" என்கிறார்கள்.

அழைப்பை நாமும் படித்தோம். ஆனால் தோழர்களே, பணப்பெட்டி வைத்திருப்பவன் படிக்கிற கண் வேறு. உழைப்பவன் படிக்கிற கண் வேறு. அவன், "எனக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பான். நாம் மூன்று கேட்கவேண்டும். கட்டியவன் யார்? பயன் பெறுகிறவன் யார்? பாக்கியைக் கட்டப்போகிறவன் யார்?

இந்த மூன்று கேள்விகளையும் கையிலே பிடித்துக்கொண்டு குய்சோவின் கதையைப் பார்ப்போம்.

மழை உண்டு, நீர் இல்லை

பரப்பு 1,76,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 3 கோடியே 85 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மியாவ், புயி, துங், யி முதலான சிறுபான்மை இனத்தவர். நிலத்திலே பத்தில் ஒன்பது பங்கு மலையும் குன்றும்.

மலை என்றால் வளமான மலை அன்று. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழை கொட்டும், ஆனால் தண்ணீர் நிற்காது. பாறையின் வெடிப்பு வழியே இறங்கிக் குகைகளுக்குள்ளே ஓடிவிடும். மேலே வயல் காயும். கீழே ஆறு ஓடும்! பாறைமேல் படிந்திருப்பது கையகல மண். பசிக்காக மரத்தை வெட்டிச் சரிவை உழுதால் அடுத்த மழையிலே அந்த மண்ணும் போய்விடும். மிஞ்சுவது வெறும் கல். குய்சோக்காரனை ஏழையாக்கியது சோம்பல் அன்று. அவன் காலடியிலே இருந்த நிலமே அவனுக்குத் துணையாக நிற்கவில்லை.

இந்த மலைகளுக்குச் சரித்திரத்திலே இடம் உண்டு. 1935 ஜனவரியில் நெடும்பயணத்தின் நடுவே செஞ்சேனைத் தலைவர்கள் கூடி, மாவோவின் கை ஓங்க வழிசெய்த கூட்டம் நடந்தது இங்குள்ள சுன்யி நகரிலேதான். பின்னாளில், 1964 முதல், போர் மூண்டால் கடற்கரை ஆலைகள் அழிந்துபோகும் என்ற அச்சத்தால் சீன சர்க்கார் ஆலைகளை உள்நாட்டு மலைகளுக்குள்ளே கொண்டுபோய் வைத்தது. 'மூன்றாம் அணி' என்று அதற்குப் பெயர். லியூபான்சுய் நிலக்கரி நகரமாயிற்று. அன்ஷுன் விமானத் தொழிலுக்கு இடமாயிற்று. குகைக்கருகே எந்திரம் சுழன்றது. ஆனால் எந்திரம் சுழன்ற மலைக்கு அடுத்த மலையிலே, மக்கள் மக்காச்சோளக் கூழுக்கே அல்லாடினர்.

வான்ஷான் என்றொரு இடம், பாதரசச் சுரங்கம். சோவியத் நாட்டுக்குச் சீனம் பட்ட கடனை அடைக்க, அந்தச் சுரங்கத்துப் பாதரசம் கப்பம் போலப் போயிற்று. தோண்டித் தோண்டித் தாது தீர்ந்தது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே சுரங்கமும் மூடப்பட்டது. கடனுக்கும் குய்சோவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று என்பதற்காகவே இதை எடுத்துச் சொல்கிறோம்.

மின்சாரம் கிழக்கே, மனிதனும் கிழக்கே

1978க்குப் பின்னர் சீனத்தின் கடற்கரை செழித்தது. குவாங்துங்கிலே ஆலைகள் காளான்போல் முளைத்தன. அந்த ஆலைகளுக்கு மின்சாரம் வேண்டும். எங்கிருந்து போயிற்று? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய மேற்குப் பகுதி வளர்ச்சித் திட்டத்தின்கீழ், குய்சோவின் ஆற்றை அணைகட்டி, குய்சோவின் நிலக்கரியை எரித்து, அந்த மின்சாரத்தைக் கிழக்கே அனுப்பினார்கள்.

ஆலைக்கு ஆள் வேண்டுமே! அதுவும் குய்சோவிலிருந்துதான் போயிற்று. மின்சாரம் கம்பியிலே போயிற்று. மனிதன் ரயில் பெட்டியிலே நின்றுகொண்டே போனான். லட்சக்கணக்கில் போனார்கள். கிழவர்களும் குழந்தைகளும் கிராமத்திலே மிஞ்சினர்.

2012 நவம்பரில் குய்சோவின் பீசியே நகரிலே ஒரு குப்பைத் தொட்டிக்குள் ஐந்து சிறுவர்கள் பிணமாகக் கிடந்தனர். குளிருக்குப் பயந்து தொட்டிக்குள் புகுந்து, கரியைப் பற்றவைத்துக் கணப்புக் காய்ந்திருக்கிறார்கள். புகையின் நச்சுக்காற்று அவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது. பிழைப்புக்காகத் தொலைதூர நகரத்துக்குப் போன பெற்றோரும் அவர்களுடைய பெற்றோரில் உண்டு. வறுமையை ஒழிக்க என்றே 1988இல் தனிச் சோதனை வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் அந்தப் பீசியே என்பதையும் நினைவிலே வையுங்கள். அறிவித்து 24 ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த ஐந்து உயிர்கள் போயின.

இதைச் சொல்லாமல் பாலத்தின் உயரத்தை மட்டும் சொன்னால், அது பாதிக் கதை.

நல்லதை நல்லது என்போம்

குறை காண்பதற்கென்றே பேனா பிடிப்பவர் அல்லர் நாம். நடந்த நன்மையை நன்மை என்று சொல்ல நமக்குக் கூச்சமில்லை.

2014 டிசம்பரில் மாகாணத் தலைநகர் குய்யாங்குக்கும் குவாங்சோவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது, 857 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் தின்றுவந்த பயணம் சில மணி நேரமாயிற்று. பாதையில் பெரும்பகுதி சுரங்கமும் பாலமும்தான்; தரையிலே ஓடுவது கொஞ்சமே. 2015 முடிவதற்குள் மாகாணத்தின் ஒவ்வொரு வட்டத்துக்கும் விரைவுச் சாலை போய்ச் சேர்ந்தது. மேற்குச் சீனத்திலே இதை முதலில் முடித்த மாகாணம் குய்சோதான். 2020 நவம்பர் 23 அன்று, கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்பது வட்டங்களும் வறுமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில், வாழத் தகுதியற்ற மலைகளிலிருந்து சுமார் 19 லட்சம் பேர் புதுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பிள்ளைப்பேற்று வலியெடுத்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கியவர்களுக்குத்தான் சாலையின் அருமை தெரியும். மாடியிலே உட்கார்ந்துகொண்டு "இந்த மலைக்கு எதற்கு இத்தனை பாலம்?" என்று கேட்பவனுக்குத் தெரியாது. ஆகவே பாலம் வேண்டாம் என்பதல்ல நம் பேச்சு. பாலம் வேண்டும்! அதன் வட்டி யார் தலையிலே விடிகிறது என்பதுதான் பேச்சு.

மேகக் கிடங்கிலே எத்தனை பேருக்கு வேலை?

சாலை வந்த பின்னால் மூலதனம் வந்தது. எந்த மூலதனம்?

வானம் வெளுக்காத ஊர் என்று சிரித்தார்கள் அல்லவா? அந்த மேகமே இன்று சரக்காகிவிட்டது. கோடை ஜூலையிலும் குய்யாங்கின் சராசரி வெப்பம் 24 பாகையை ஒட்டித்தான் இருக்கும். இரவும் பகலும் சூடேறிக்கொண்டே இருக்கும் கணினிகளை அடுக்கிவைக்க, இதைவிட வாகான இடம் ஏது? மின்சாரமும் மலிவு, நிலநடுக்கமும் குறைவு. 2014இல் குய்-ஆன் புதுப் பகுதி அமைந்தது. டென்சென்டும் ஹுவாவேயும் அங்கே தகவல் கிடங்குகளைக் கட்டின. ஆப்பிள் நிறுவனத்தின் சீன வாடிக்கையாளர் சேமிக்கும் படங்களும் கடிதங்களும், 2018 பிப்ரவரி 28 முதல் குய்சோ மாகாணக் கம்பெனி ஒன்றின் பொறுப்புக்கு வந்தன.

பெருமைதான். ஆனால் ஒரு நூற்பாலையிலே ஆயிரம் பேர் நிற்பார்கள். அதே அளவு தகவல் கிடங்கிலே எத்தனை பேர் நிற்பார்கள்? கட்டும்போது கூட்டம் இருக்கும். கட்டி முடித்ததும் காவலாளியும், சில பொறியாளர்களும், கம்பி பார்ப்பவர்களும் போதும். மின்சாரம் மலைபோலச் செலவாகும். சம்பளப் பட்டியலோ ஒரு தாளுக்குள் அடங்கும். மலையிலிருந்து இறக்கிக் குடியமர்த்தப்பட்ட 19 லட்சம் பேருக்கு வீடு கிடைத்தது. வேலையை இந்தக் கிடங்கு கொடுக்குமா?

மௌத்தாய் இருக்கிறதே என்பார்கள். உண்மை. சோளத்திலே வடிக்கும் அந்த மதுவை விற்கும் கம்பெனி, சீனத்தின் மிகப் பெரிய கம்பெனிகளிலே ஒன்று. ஆனால் அந்தச் செல்வம் ஒரு பள்ளத்தாக்கின் செல்வம். 2019 டிசம்பரிலும் 2020 டிசம்பரிலும், அந்தக் கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு நான்கு வீதம் இரண்டு முறை மாகாண சர்க்காரின் மூலதன நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. பாட்டில் பங்கை எடுத்து எதை அடைக்கப் பார்க்கிறார்கள்? கடனை!

கடன் பிறந்த வழி

கடன் எப்படி வந்தது? கணக்கு ஒன்றும் கம்பசூத்திரமல்ல.

நெடுங்காலம் உள்ளூர் சர்க்கார் நேரே கடன் வாங்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே சர்க்காரே ஒரு கம்பெனியைத் தொடங்கும். அதன் கையிலே நிலத்தைக் கொடுக்கும். நிலத்தைக் காட்டிக் கம்பெனி வங்கியிலே கடன் வாங்கும். சாலை போடும், கட்டடம் எழுப்பும். சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தை விற்றுக் கடனை அடைப்போம் என்பது எண்ணம். விலை ஏறுகிற வரைக்கும் எல்லாரும் கெட்டிக்காரர்கள்! 2021க்குப் பின் நாடெங்கும் வீட்டு வியாபாரம் படுத்தது. நிலம் வாங்க ஆளில்லை. ஆனால் வட்டி படுக்குமா? அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாதே!

தூஷான் வட்டத்தின் கதையைக் கேளுங்கள். மூன்று லட்சத்துச் சொச்சம் மக்கள். ஆண்டு வருமானம் நூறு கோடி யுவானுக்கும் குறைவு. அந்த வட்டம் வாங்கிய கடன் 4,000 கோடி யுவான்! குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஒரு லட்சம் யுவானுக்கு மேல். அங்கே 20 கோடி யுவான் செலவிலே, மரவேலைப்பாடு பூண்ட மாளிகை ஒன்றை 99.9 மீட்டர் உயரத்துக்கு எழுப்பினார்கள். பணம் தீர்ந்தது, வேலை நின்றது. 2020இல் அந்த அரைகுறை மாளிகையின் படக்காட்சி வெளிவந்தபோதுதான் சீன நாடே அதைக் கண்டு வியந்தது. அழகைக் கண்டல்ல, துணிச்சலைக் கண்டு!

லியூபான்சுய் நிலக்கரி நகரிலே 23 உல்லாசப் பயணத் திட்டங்கள். பனிச்சறுக்கு மைதானம் வரைக்கும் உண்டு. அவற்றிலே 16 பயனற்றுக் கிடப்பவை என்று மாகாண அதிகாரிகளே பட்டியலிட்டனர். 2024 ஜனவரியில் அந்நகரின் முன்னாள் செயலாளர் சர்க்கார் தொலைக்காட்சியிலே தோன்றித் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். சுன்யி நகரத்துச் சாலை-பாலக் கம்பெனியோ 2022 டிசம்பர் 30 அன்று ஓர் அறிக்கை விட்டது: தான் வங்கிகளுக்குக் கொடுக்கவேண்டிய 1,559 கோடி யுவானை இருபது ஆண்டு தவணைக்குத் தள்ளிவைத்தாயிற்று, முதல் பத்தாண்டு வட்டி மட்டும் கட்டப்படும், அசலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

2023 ஏப்ரலில் மாகாண சர்க்காரின் ஆய்வு மையமே வாய்விட்டுச் சொல்லிவிட்டது: கடனைத் தீர்ப்பது மிக மிகக் கடினம், எங்கள் சொந்த பலத்தால் முடியாது என்று. அந்த ஆண்டின் பிற்பகுதியில், மறைமுகக் கடனை மாற்றிக்கொள்ளச் சிறப்புக் கடன் பத்திரங்கள் அனுமதிக்கப்பட்டபோது, அதிக அளவு வெளியிட்ட மாகாணங்களிலே குய்சோவும் ஒன்று. கடனை அடைக்கக் கடன்! நம்மூர்க் கந்துவட்டிக்காரனிடம் சிக்கிய எவருக்கும் இந்த வித்தை புரியும்.

முதலில் கை வைப்பது எங்கே?

பணப்பெட்டி வறண்டால் சர்க்காரின் கை முதலில் எங்கே நீளும்? இந்தக் கேள்விக்குத் தாஃபாங் வட்டம் பதில் சொல்கிறது.

2020 செப்டம்பரில் பெய்சிங் அனுப்பிய ஆய்வுக் குழு அங்கே கண்டது இது: 2015 முதலே ஆசிரியர்களுக்குச் சேரவேண்டிய சம்பளப் படிகளும், உதவித் தொகையும், காப்பீட்டுத் தொகையும் முழுதாகக் கொடுபடவில்லை. பாக்கி 47 கோடியே 96 லட்சம் யுவான்! பள்ளிக்கென்று மேலிடம் அனுப்பிய பணத்திலும் 34 கோடி யுவான் வேறு செலவுக்குத் திருப்பப்பட்டிருந்தது.

மலைக் கிராமத்து ஆசிரியர் என்றால் யார்? குவாங்துங்குக்குப் பிழைக்கப் போன பெற்றோர் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாய் இருப்பவர். பீசியேயின் அந்த ஐந்து பிள்ளைகளைப் போன்றவர்களை, தெருவுக்குப் போகாமல் வகுப்பிலே வைத்திருக்கவேண்டியவர். தாஃபாங்கும் அதே பீசியேயைச் சேர்ந்த வட்டந்தான். அவருடைய கூலியிலேதான் கை வைத்தார்கள். வங்கிக்காரனிடம், "இருபது ஆண்டு பொறு" என்று சொல்ல அறிக்கை எழுதினார்கள். ஆசிரியரிடம் அறிக்கைகூட எழுதவில்லை. கொடுக்காமலே இருந்துவிட்டார்கள்!

நம் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கடன் வாங்கும்போது ஆசிரியரைக் கேட்கவில்லை. சாலைத் தொழிலாளியைக் கேட்கவில்லை. மாளிகை வேண்டுமா, மருத்துவமனை வேண்டுமா என்று தூஷான் உழவனைக் கேட்கவில்லை. கட்டவேண்டிய வேளை வந்தபோது மட்டும், வாங்கும்போது கேட்கப்படாதவனே முன்னால் நிறுத்தப்படுகிறான்.

திரும்பி வந்த கைகள்

அப்படியானால் மலைநாட்டுக்கு விமோசனமே கிடையாதா? உண்டு. அதையும் குய்சோவே காட்டுகிறது.

மாகாணத்தின் வடக்கிலே செங்-ஆன் என்று ஓர் ஏழை வட்டம். 1987இல் அங்கிருந்து சுமார் 300 பெண்கள் குவாங்துங் ஆலைகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் பின்னால் ஆயிரமாயிரமாக மற்றவர்களும் போனார்கள். போனவர்களில் பலர் கித்தார் செய்யும் ஆலைகளிலே சேர்ந்தார்கள். மரத்தை அறுக்கக் கற்றார்கள், வளைக்கக் கற்றார்கள், மெருகேற்றக் கற்றார்கள், நரம்பு பூட்டக் கற்றார்கள். பிறகு, 2013 வாக்கிலே, அவர்களிலே சிலர் தொழிலோடு ஊர் திரும்பினர். வட்டத்திலே கித்தார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆண்டுதோறும் பல லட்சம் கித்தார்கள் அந்த மலையிலிருந்து உலகத்துக்குப் போகின்றன.

அந்த மலையிலே கித்தாருக்கு என்ன தாது இருந்தது? ஒன்றுமில்லை! இருந்தது தொழிலாளியின் விரலிலே ஏறிய பயிற்சி ஒன்றுதான். எந்த விளம்பரத் தாளிலும் முதலீடு என்று எழுதப்படாத முதலீடு அது. விரைவுச் சாலை அங்கே வீணாகவில்லை. ஏற்றுவதற்குச் சரக்கு இருந்ததால் சாலை சோறு போட்டது. சரக்கு இல்லாத ஊரிலே அதே சாலை வட்டி மட்டும் கேட்டது.

இன்னொன்று. 2023இல் ரொங்சியாங் வட்டத்துக் கிராமத்தார் தங்களுக்குள்ளே கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். ஆடியவர்கள் உழவர்கள், கடைக்காரர்கள், கூலியாட்கள். பரிசாகப் பன்றியும் ஆடும் தந்தார்கள். அதைப் பார்க்க நாடே திரண்டு வந்தது. 20 கோடி யுவான் மாளிகை அழைத்து வராத கூட்டத்தை, கிராமத்தான் உதைத்த பந்து அழைத்து வந்தது!

இப்போது பாஸ்பேட்டை வைத்து மின்கலத் தொழில் வளர்க்க முனைந்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் தோண்டிய கல்லை மூட்டை கட்டிக் கிழக்கே அனுப்பினால், அது வான்ஷான் பாதரசத்தின் கதையாகும். கல்லை மின்கலமாக்கும் வேலையையும், அதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளியையும், அதற்குரிய கூலியையும் மலையிலேயே நிறுத்தினால், செங்-ஆனின் கதையாகும். எது நடக்கும் என்பதைத் தாது தீர்மானிப்பதில்லை. பேரம் பேசும் இடத்திலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும்.

தோழர்களே! வளர்ச்சி என்று சொல்லி யாராவது ஒரு பாலத்தின் படத்தைக் காட்டினால், படம் அழகாயிருக்கிறதென்று சொல்லுங்கள், தயங்கவேண்டாம். சொல்லிவிட்டு, அந்தப் பாலத்தின் நிழலிலே இருக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குப் போன மாதச் சம்பளம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அக்கரையிலே இறங்குகிறவனுக்கு வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் பத்திரத்திலே கையெழுத்துப் போடும் முன்னே ஊராரைக் கூட்டிக் கணக்குக் காட்டினார்களா என்று கேளுங்கள்.

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், அந்தப் பாலம் மக்களுடையது. வராவிட்டால், 625 மீட்டர் உயரத்திலே தொங்குவது பாலம் மட்டுமல்ல. அதைக் கட்டிய மக்களின் நாளைய சோறும் அங்கேதான் தொங்குகிறது.